புதுச்சேரிக்கு மூன்று நாள்

பயணஞ் செய்தலைப் பற்றி எழுதியவர் பலர்; பயணத்துக்குத் திட்டமிடுதலைப் பற்றி எழுதியவர் சிலரே. சென்று மீண்டவரின் சொல்லுக்குள்ள மதிப்பு, செல்லவிருப்பவரின் சொல்லுக்கு இல்லை என்பது அதற்குக் காரணமாகலாம். ஆயினும், ஒரு நகரை எவ்வாறு பார்க்கப்போகின்றோம் என்பதை அங்கு காலடி வைக்குமுன்னரே பெரும்பாலும் நாம் தீர்மானித்துவிடுகின்றோம். எவ்விடத்துக்குச் செல்வது, எதற்கு எத்தனை மணிநேரம் ஒதுக்குவது, நேரமின்மையாற் கைவிட வேண்டியது எது என்று ஒரு தாளில் எழுதும்போதே, அந்நகரின் வரலாற்றில் நாம் முதன்மையாகக் கொள்வது எது, ஒதுக்கிவிடுவது எது என்பதும் சேர்ந்தே எழுதப்படுகின்றது. வரும் நீண்ட விடுமுறையில் மூன்று நாட்களுக்குப் புதுச்சேரி செல்வதென நண்பர் நால்வர் எடுத்த முடிவும், அதன்பின் விடுதியறையில் நாங்கள் நடத்திய விவாதங்களும் இவ்வெண்ணத்தை என்னுள் உறுதிப்படுத்தின.

நால்வரும் கலைப்பீட மாணவர். ஆனால் நால்வரும் நான்கு மண்ணிலிருந்து வந்தவர்கள். ஒருவர் திருகோணமலை, வரலாற்றைச் சிறப்புப் பாடமாகப் பயில்பவர். மற்றவர் வடமராட்சி, தமிழ்ச் சிறப்புப் பாடத்தினர். மூன்றாமவர் மட்டக்களப்பைச் சேர்ந்த புவியியல் மாணவர். நான் மலையகத்தவன். எங்களில் எவரும் இதற்குமுன் கடல் கடந்ததில்லை. கடவுச்சீட்டு, நுழைவனுமதி, சென்னை வரையிலான விமானப் பயணச்சீட்டு ஆகியவற்றுக்கான செலவைக் கூட்டிப் பார்த்தபோது, எமது கைக்கெட்டிய பணம் மூன்று நாளுக்குமேல் எம்மை அங்கு தங்கவிடாது என்பது தெளிவாயிற்று. 2023 ஒக்டோபரிற் காங்கேசன்துறைக்கும் நாகபட்டினத்துக்குமிடையே தொடங்கிய கப்பற்சேவையை நாடலாமென வடமராட்சி நண்பர் கூறினார். ஆனால் காலநிலையையொட்டி அச்சேவை இடையிடையே நிறுத்தப்படுவதால், குறித்த நாளில் திரும்பியாக வேண்டிய மாணவருக்கு அது உகந்ததன்று எனக் கைவிட்டோம். சென்னையிலிறங்கி, கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தெற்கு நோக்கிப் பேருந்திற் செல்வதென்பது முடிவு.

சென்னையும் மதுரையும் தஞ்சையும் இருக்கப் புதுச்சேரியை ஏன் தேர்ந்தோம்? உண்மையைச் சொல்வதானால், படங்கள்தாம் முதலில் எம்மை ஈர்த்தன. மஞ்சள் வண்ணச் சுவர்கள், அவற்றின்மேற் படர்ந்த காகிதப்பூக் கொடிகள், நீல வண்ணப் பலகையிற் பிரெஞ்சிலும் தமிழிலும் எழுதிய வீதிப் பெயர்கள், வாகனமற்ற மாலைநேரக் கடற்கரை வீதி. புவியியல் நண்பர் இணையத்திலிருந்து இறக்கிய வரைபடத்தைச் சுவரில் ஒட்டினார். நகரின் நடுவே வடக்குத் தெற்காக ஒரு கால்வாய் ஓடுகின்றது. அதன் கிழக்கே கடலை அண்டியிருந்தது 'வெள்ளை நகர்'. மேற்கே இருந்தது 'கறுப்பு நகர்'. பிரெஞ்சு ஆட்சியின் சொற்கள் இவை. பயண வழிகாட்டிகள் பரிந்துரைக்கும் இடங்களை நண்பர் சிவப்பு மையினாற் புள்ளியிட்டார். இட்டு முடித்துச் சற்று விலகி நின்று நோக்கியபோது, ஏறத்தாழ எல்லாப் புள்ளிகளும் கால்வாயின் கிழக்கேயே குவிந்திருந்தன. எமது விவாதம் அவ்விடத்திலிருந்தே ஆரம்பித்தது.

வரலாற்று மாணவர் முதலில் கிழக்குப் பகுதியின் பழைமையையே கேள்விக்குட்படுத்தினார். அங்குள்ள மாளிகைகளைப் பிரெஞ்சுக்காரர் வந்த காலத்தின் எச்சங்களெனக் கருதுதல் பொருந்தாது. 1761 இல் நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் அதனை இடித்துத் தரைமட்டமாக்கினர். 1763 ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையின்படி அது மீள ஒப்படைக்கப்பட்ட பின்னர் எழுந்தவையே இன்று காணும் கட்டடங்கள். வீதிகள் ஒன்றையொன்று நேர்கோணத்தில் வெட்டிச் செல்லும் ஒழுங்கும் பிரெஞ்சுக்காரரின் தனிச் சொத்தன்று. 1693 முதல் 1699 வரை அந்நகரைத் தம் வசம் வைத்திருந்த ஒல்லாந்தரின் வரைபடத்திலேயே அதன் தொடக்கம் உள்ளது. அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலும் காலியிலும் கோட்டை கட்டி ஆண்டவர்களும் அவர்களே.

அவர் கூறிய இன்னொரு செய்தி எங்கள் மூவருக்கும் புதிது. பிரெஞ்சுக்காரர் இப்பிராந்தியத்திற் கடற்றளமொன்றைத் தேடி முதலிற் கண்வைத்தது புதுச்சேரியின் மீதன்று, திருகோணமலையின் மீதே. 1672 இல் தெ லா ஹே என்பவரின் தலைமையில் வந்த கப்பற்படை, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் இசைவோடு திருகோணமலைக் குடாவிற் காலூன்ற முயன்றது. ஒல்லாந்தர் அதற்கு இடங்கொடுக்கவில்லை. அங்கிருந்து விலகிய படை சோழமண்டலக் கரைக்குச் சென்று, சாந்தோமைப் பிடித்து, பின்னர் அதனையும் இழந்தது. அச்சூழ்நிலையிலேதான் பிரான்சுவா மார்த்தேன் என்ற வணிகர், பீசப்பூர்ச் சுல்தானின் ஆளுநரான ஷேர்கான் லோடியின் ஆதரவுடன் 1674 இற் புதுச்சேரியென்ற கடற்கரைச் சிற்றூரில் நிலைகொண்டார். "எங்கள் குடாவில் அவர்கள் தோற்றிராவிட்டால் இந்த மஞ்சட் சுவர்களைப் பார்க்கக் கடல் கடக்க வேண்டியிராது" என்று நண்பர் சிரித்தார். நூறாண்டுக்குப் பின், 1782 இல், சுப்ரென் என்ற பிரெஞ்சுத் தளபதி திருகோணமலையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றியதும், அது விரைவிலேயே ஒல்லாந்தரிடம் மீண்டதும் நாம் பாடசாலையிற் படித்தவையே. இவற்றை ஒருசேர நோக்கும்போது, புதுச்சேரி எமக்கு அந்நியமான ஓர் அலங்கார நகரன்று என்பது புலனாயிற்று.

தமிழ் மாணவரின் பட்டியல் முழுவதும் கால்வாயின் மேற்கே இருந்தது. அவர் முதலில் எழுதியது ஆனந்தரங்கப்பிள்ளையின் வீடு. ஆளுநர் டூப்ளேயின் துபாசியாக விளங்கிய பிள்ளை, 1736 முதல் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த செய்தி, துணி விலை, அரண்மனைச் சூழ்ச்சி, சாதி வழக்கு, பீரங்கி வெடித்த எண்ணிக்கை என யாவும் அதிற் பேச்சுத்தமிழிற் பதிவாயின. 1748 இல் ஆங்கிலேயர் நகரை முற்றுகையிட்டிருந்த வேளையில் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் எழுதிய பகுதி, ஆட்சியாளரின் அருகிலிருந்தும் எதனையும் தடுக்க இயலாதிருந்த ஒருவரின் சாட்சியம். 1761 ஜனவரியில் அவர் மறைந்தார். அதே மாதத்தில் நகரும் வீழ்ந்தது. பிரபஞ்சன் எழுதிய 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்' ஆகிய நாவல்கள் இந்நாட்குறிப்பை ஆதாரமாகக் கொண்டவை.

அடுத்து, பாரதி வாழ்ந்த வீடு. 1908 இல் ஆங்கில அரசின் கைதிலிருந்து தப்பிப் புதுச்சேரிக்கு வந்த பாரதி, 1918 நவம்பர் வரை பத்தாண்டுகள் அங்கேயே தங்கினார். அரவிந்தரும் வ. வே. சு. ஐயரும் 1910 இல் வந்து சேர்ந்தனர். 'குயிற் பாட்டு', 'கண்ணன் பாட்டு', 'பாஞ்சாலி சபதம்' என்பன பிறந்தது அங்குதான். ஓர் அந்நிய ஆட்சியை எதிர்த்தவர் இன்னோர் அந்நிய ஆட்சியின் எல்லைக்குள் ஒதுங்க நேர்ந்த முரணை நாம் எளிதிற் கடந்து செல்லலாகாது. பிரெஞ்சுக் கொடியின் தயவன்று அவரைக் காத்தது. இரு பேரரசுகளுக்கிடையே இருந்த எல்லைக்கோடே அவரைக் காத்தது. ஒடுக்கப்படுவோருக்குச் சில வேளைகளில் ஒரு கோடு போதுமானதாக இருக்கின்றது. புதுச்சேரியிலேயே பிறந்து ஆசிரியப்பணி புரிந்த பாரதிதாசனின் வீடு பட்டியலில் மூன்றாவதாயிற்று.

கால்வாயின் கிழக்கே அந்நண்பர் விரும்பிய இடம் ஒன்றே ஒன்று: பிரெஞ்சு நிறுவனம். 1955 இல் ழான் ஃபிலியோசாவின் முயற்சியால் நிறுவப்பெற்ற அவ்வாய்வகத்திலுள்ள சைவ ஏட்டுச்சுவடிகள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2005 இல் இடம்பெற்றன. சுவடிகள் எவ்வாறு எண்ணெய் பூசிப் பேணப்படுகின்றன, எவ்வாறு படியெடுக்கப்படுகின்றன என்பதைப் பார்க்க வேண்டும் என்றார் அவர். பார்ப்பதனால் என்ன பயன் என எவரும் கேட்கவில்லை. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைப் பெற்றோர் சொல்லக் கேட்டு வளர்ந்தவருக்கு, ஏடுகள் எரியாமல் இருக்கும் ஓர் அறையிற் சிறிது நேரம் நிற்பதே போதிய பயன்தான்.

என் முறை வந்தது. மலையகத்துப் பிள்ளையின் கண்ணுக்குப் புதுச்சேரித் துறை வேறுவிதமாகத் தெரிகின்றது. கண்டி மலைச்சரிவுகளிற் கோப்பித் தோட்டங்களை வளர்க்க எங்கள் பாட்டன் பூட்டன்மார் மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே நடத்தி வரப்பட்ட அதே நூற்றாண்டிலே, புதுச்சேரித் துறையிலிருந்தும் காரைக்கால் துறையிலிருந்தும் தமிழ்த் தொழிலாளர் கப்பலேற்றப்பட்டனர். 1848 இல் பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ரியூனியனுக்கும், 1853 இல் மார்த்தினிக்குக்கும், 1854 இற் குவாதலூப்புக்கும் ஒப்பந்தக் கூலிகள் சென்றனர். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு மாரியம்மனை வழிபடுகின்றனர். ஆனால் தமிழ் பேசுவோர் அரிது. நடந்து வந்த நாங்கள் மொழியைக் காத்துக்கொண்டோம். கப்பலிற் சென்றவர்கள் தெய்வத்தை மட்டும் காத்துக்கொண்டனர். அக்கடற்கரையில் நிற்கும்போது இதனை நினைக்க வேண்டுமென்று நான் எழுதிக்கொண்டேன்.

அதன்கீழ் 1936 ஜூலை 30 என்ற தேதியையும் எழுதினேன். அன்று வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளர் பன்னிருவர் புதுச்சேரியிற் சுட்டுக்கொல்லப்பட்டனர். வ. சுப்பையா போன்றோர் முன்னின்ற அப்போராட்டத்தின் விளைவாகவே எட்டு மணிநேர வேலை அங்கு சட்டமாயிற்று. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று பேசிய குடியரசின் துப்பாக்கி அது.

இவ்வளவும் நூலறிவு. என் பட்டியலின் கடைசி வரியோ நூலிலிருந்து வந்ததன்று. புதுச்சேரிக்குச் செல்லவிருப்பதை வீட்டுக்கு அறிவித்தபோது அம்மா தொலைபேசியிற் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "கட்டடத்தையெல்லாம் பாத்துட்டு, அக்காவப் பாக்காம வந்துறாத" என்றார்.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, ஹற்றனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றின் லயத்திற் பிறந்தவர். 1977 ஆம் ஆண்டு வன்செயலில் அவர்களது லயக் காம்பரா எரிந்தது; கணவரோடு வவுனியாவுக்குச் சென்று காடு வெட்டிப் பயிர் செய்தார். 1990 இற் போர் மீண்டும் மூண்டபோது மன்னாரிலிருந்து படகேறி இராமேசுவரம் சேர்ந்தார். மண்டபம் முகாமிலிருந்து அனுப்பப்பட்ட இடம், புதுச்சேரிக்கு வடக்கே, தமிழ்நாட்டு எல்லைக்குள், கடற்கரைச் சாலையை அண்டிய ஒரு முகாம். அகதிகள் முகாம் என்றிருந்த பெயர் 2021 இல் மறுவாழ்வு முகாம் என மாற்றப்பட்டது. பெரியம்மா இன்றும் அங்குதான் இருக்கின்றார். நான் அவரை நேரிற் கண்டதில்லை.

அவருடைய மகன், எனக்கு அண்ணன், சுவருக்கு வண்ணம் பூசும் தினக்கூலித் தொழிலாளி. முகாமிலுள்ள ஆண்கள் பலருக்கும் அதுவே தொழில். நாங்கள் வருவது குறித்துப் பேசியபோது அவர் சொன்னார்: "கடற்கர பக்கம் அந்த மஞ்சக் கலர் வீடுங்கல்லாம் இருக்கில்ல, அதுல நாலஞ்சு வீட்டுக்கு நாந்தான் அடிச்சேன். உப்புக் காத்துக்கு ரெண்டு வருசத்துல உரிஞ்சிரும். திரும்பவும் கூப்புடுவாங்க." எங்கள் அறைச் சுவரிற் சிவப்புப் புள்ளிகளால் நிறைந்திருந்த அப்பகுதியை நான் அதன்பின் வேறு விதமாகவே பார்த்தேன்.

புதுச்சேரியின் வரலாற்றில் என்னை மிகவும் சிந்திக்கச் செய்த நிகழ்ச்சி போருமன்று, முற்றுகையுமன்று, ஒரு விண்ணப்பத்தாள். 1954 ஒக்டோபர் 18 இற் கீழூரிற் கூடிய மக்கட் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவதற்கு வாக்களித்தனர். அவ்வாண்டு நவம்பர் முதலாந் தேதி ஆட்சி கைமாறியது. 1956 இற் கையொப்பமான உடன்படிக்கை 1962 ஆகஸ்ட் 16 இல் நடைமுறைக்கு வந்தபோது, அங்கு பிறந்து வாழ்ந்தோர் இந்தியக் குடிமக்களாயினர். விரும்பியோர் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவித்துப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடரலாம் எனவும் விதிக்கப்பட்டது. சில ஆயிரம் பேர் அவ்வாறு அறிவித்தனர். ஒரே குடும்பத்தில் அண்ணன் பிரெஞ்சுக்காரனாகவும் தம்பி இந்தியனாகவும் ஆன கதைகள் அங்கு உண்டு. 'சொல்தா' எனப்பட்ட பிரெஞ்சுப் படைவீரரின் குடும்பங்களுக்கு ஓய்வூதியமும் பாரிசுக்கான வழியும் கிட்டின. தாளை நிரப்பாத அயல்வீட்டாருக்கு அவை கிட்டவில்லை. அம்முறையிலும் குறைகள் பல இருந்திருக்கும். ஆயினும், நீ யார் என்று மனிதரை நோக்கிக் கேட்டார்கள்.

அதற்கு ஏறத்தாழ இரண்டாண்டுகளின் பின், 1964 ஒக்டோபர் 30 இல், ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1948 ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமையிழந்த மலையகத் தமிழரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு எனப் பங்கிடப்பட்டனர். இங்கும் விண்ணப்பத்தாள்கள் வந்தன. ஆனால் எண்ணிக்கை முதலில் முடிவாயிற்று. மனிதர் பின்னரே கேட்கப்பட்டனர். என் பெரியம்மா இரண்டு பட்டியலிலும் ஒழுங்காக ஏறாதவர். 2003 இற் குடியுரிமைச் சட்டம் வந்தபோது அவர் நாட்டில் இல்லை. 2009 இற் செய்யப்பட்ட திருத்தம் தமிழ்நாட்டிலிருப்போருக்கும் வழி திறந்ததெனினும், தோட்டத்திற் பிறந்ததைக் காட்டும் பத்திரம் 1977 இலேயே காம்பராவோடு எரிந்துவிட்டது. இந்தியாவின் 2019 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்திலும் இலங்கையர் உள்ளடங்கவில்லை. பிறந்த நாட்டிலும், முப்பத்தைந்து ஆண்டுக்குமேல் வாழ்ந்த நாட்டிலும் அவர் எழுத்தில் இல்லை.

முகாமுக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட அதே சாலைக்கு அருகில் ஓரோவில் இருக்கின்றது. எந்நாட்டவரும் வேறுபாடின்றி வாழலாமென்ற இலட்சியத்துடன் 1968 இல், 124 நாடுகளிலிருந்து கொண்டுவந்த மண்ணை ஒரு தாழியிலிட்டுத் தொடங்கப்பெற்ற நகர் அது. புவியியல் நண்பர் அதற்கு அரை நாள் ஒதுக்கியிருந்தார். பெரியம்மாவைப் பற்றிக் கூறியபின், அவராகவே அவ்வரியின் மீது கோடிட்டார். நான் அதனை ஏற்கவில்லை. இலட்சியம் பொய்யென்பதற்காக அன்று, இரண்டையும் ஒரே சாலையிற் பார்த்தாற்றான் இரண்டும் விளங்கும் என்பதற்காகவே அங்கு செல்ல வேண்டும் என்றேன்.

"விடுமுறைக்குப் போகின்றோமா, களஆய்வுக்குப் போகின்றோமா?" என்று வரலாற்று நண்பர் ஒருநாள் அலுத்துக்கொண்டார். அக்கேள்வியில் நியாயமுண்டு. மாலைவெயிலில் மஞ்சட் சுவர் அழகாகவே இருக்கும். அதனை அழகென்று சொல்ல எவரும் அஞ்ச வேண்டியதில்லை. கடற்காற்று வாங்குவதற்கு வரலாற்று நியாயம் தேடவும் தேவையில்லை. ஆனால் அழகுக்குப் பின்னாலுள்ள கையை அறிந்தபின்னும் அச்சுவர் அழகு குன்றுவதில்லை. எனக்கு அது கூடியே தெரிகின்றது. சுரண்டலை மட்டும் காண்பேன் என்று செல்பவரும் ஒப்பனையை மட்டும் காண்பேன் என்று செல்பவரும் கால்வாயின் ஒரு கரையிலேயே நின்றுவிடுகின்றனர். கால்வாய் அகலமானதன்று, சில அடிகள் நடந்தாற் கடந்துவிடலாம்.

எமது திட்டம் இப்போது ஒருவாறு நிறைவு பெற்றுள்ளது. முதல் நாள் மேற்குப் பகுதி: ஆனந்தரங்கப்பிள்ளை வீடு, பாரதி, பாரதிதாசன் இல்லங்கள், திண்ணையும் தாழ்வாரமுமுள்ள தமிழ் வீதிகள். இரண்டாம் நாட் காலை பிரெஞ்சு நிறுவனம். அனுமதி கோரி முன்கூட்டியே கடிதம் எழுதப்பட்டுவிட்டது. பிற்பகல் ஓரோவில், மாலை கடற்கரை. மூன்றாம் நாளில் ஒரே ஒரு வரிதான் உண்டு. முகாமிற் புறத்தார் சென்று தங்குவதற்குக் கட்டுப்பாடுகள் இருப்பதால் பெரியம்மாவே பேருந்தேறி நகருக்கு வருவதாகக் கூறியுள்ளார். சந்திக்கும் இடத்தையும் அவரே குறித்தார்: கடற்கரை வீதியிலுள்ள காந்தி சிலை. அண்ணன் தாம் வண்ணம் பூசிய வீடுகளை எங்களுக்குக் காட்டிச் செல்வார். அந்நாளில் எங்களுக்கு வழிகாட்டி அவர்தான்.

பொதியில் என்னென்ன எடுத்துச் செல்வது என்ற பட்டியலும் சுவரில் ஒட்டப்பட்டிருக்கின்றது. கடவுச்சீட்டின் நிழற்படிகள், மருந்துகள், நிறுவனத்துக்கான பரிந்துரைக் கடிதம், பனங்கட்டி. அதன் அடியில் என் கையெழுத்தில் ஒரு வரி இருக்கின்றது. என்ன கொண்டுவரட்டும் என்று கேட்டதற்குப் பெரியம்மா சொன்னது அது: "ஒண்ணும் வேணாம். நம்ம தோட்டத்துப் பக்கத்துத் தேயில இருந்தா ரெண்டு பாக்கட் கொண்டாப்பா." நான்கு பாக்கட் வாங்கி வைத்திருக்கின்றேன்.